கெம்பம்மாவின் பாத்தியில் மஞ்சள் பூ

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சாமுண்டி மலைப் படிகள் அத்தனையின் மேலும் சத்தியம். முட்டிவலி மட்டும் இல்லையென்றால் ஏறிப்போயே செய்திருப்பேன்.

எனக்குத் தோட்ட வேலை பிடிக்கும். பேத்தி அனுப்ரியா ஸ்காட்லாந்தில் படித்துவிட்டு வந்தபோது ஒரு காகிதப் பொட்டலத்தில் விதை கொண்டுவந்தாள். அங்கே கல் இடுக்கிலெல்லாம் முளைக்கிற செடியாம். ஹாக்வீட் என்று பெயர். தமிழில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. இலைகள் தரையோடு தட்டாகப் படர்ந்திருக்கும். கன்றுக்குட்டியின் காதுபோல மேலே மயிர். நடுவிலிருந்து தண்டு எழும்பும். கிள்ளினால் பால் வரும். உச்சியில் மஞ்சள் பூ. வருஷா வருஷம் அதே வேரிலிருந்து துளிர்க்கும். என் தொட்டியில் பூத்த முதல் பூவைப் பார்த்து எதிர்வீட்டுச் சேவல், பொழுது விடிந்ததென்று மத்தியானத்தில் கூவியது.

குளிர்தேசத்து விதை என்பதால் முதலில் ஃபிரிட்ஜில் வைத்து, பனிக்காலம் வந்துவிட்டதென்று அதை ஏமாற்ற வேண்டும். என் மனைவி சாமியாத்தாள் ஹனூர்ப் பக்கத்துக்காரி. "ஏனுங்க, கருஞ்சீரகம்னு நெனைச்சு ரசத்துல போட இருந்தனுங்க. சொல்லி வெக்க மாட்டீங்களா?" என்றாள். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான். சாயங்காலமானால் பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் போய்விடுவாள்.

கெம்பம்மா அங்கே தனியாக இருந்தாள். வீட்டின் முன்னால் மைசூர் மல்லிகைப் பாத்தி. தெருப் பெண்களெல்லாம் அங்கே உட்கார்ந்து பூக்கட்டுவார்கள், சிரிப்பார்கள். சிரிப்பு சுவர் தாண்டி என் நாற்காலிவரை வரும். என்ன விஷயமென்பது மட்டும் வராது. அவளுடைய மகன் மதன் பெங்களூருக்கு வந்துவிடும்படி நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"மல்லி பூக்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன்னு சொல்லிட்டேன் அண்ணா. பூ நின்னா வந்துடணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான் பாருங்க" என்று அவளே என்னிடம் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

நவராத்திரியில் ஒரு காலை அவள் பாத்தியில் மஞ்சள் பூ ஒன்று நின்றது.

"நோடி அண்ணா, இங்க பாருங்க, சாமுண்டி தாயி அனுப்பியிருக்கா. என்னா செடி இது?"

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். தண்டைக் கிள்ளினேன், பால் வந்தது.

"தெரியலையேம்மா. நவராத்திரியில வந்த மஞ்சப்பூவ யாராவது புடுங்குவாங்களா?" என்றேன்.

அவள் அதற்குக் குங்குமம் வைத்து, மல்லிகைக்கு முன்னால் அதற்குத் தண்ணீர் விட்டாள்.

அப்புறம் அந்தச் செடி செய்த அட்டகாசத்தை என்னவென்று சொல்ல. அவள் கழற்றிவைத்த செருப்பை, உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மூடிவிட்டது. செருப்பைத் தேட நான்தான் மண்வெட்டி கொண்டுபோனேன். சாமியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"புடுங்கி வீசுங்கக்கா இந்தக் கருமத்த."

"ஏய், சும்மா இரு. வாய் அழுகிடும்" என்று கெம்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாள் சுவரருகே வந்து மெல்லக் கேட்டாள்: "மல்லி வாடுதே அண்ணா. இதுல கொஞ்சம் எடுத்துடட்டா?"

"எடுங்க. தாயி கோவிச்சுக்கிட்டா மட்டும் என்னைச் சொல்லாதீங்க."

தாயிக்கு இடம் போதவில்லை என்று நினைத்து மல்லிகைப் புதர்களையே வெட்டினாள். செடியின் சுபாவம் அப்படி. யார் என்ன செய்ய முடியும்?

சித்திரையில் ஒரு மொட்டும் இல்லை. மதன் காரோடு வந்தான். கெம்பம்மா பெட்டியைக் கட்டினாள். "தாயிக்குத் தண்ணி விடுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அங்கே மேல்மாடி ஃபிளாட். சுவரைப் பார்த்துப் படுத்தவள் சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். வேறு வியாதி எதுவும் இல்லையாம். மழைக்காலம் முடிவதற்குள் சாவுச் செய்தி வந்தது.

இப்போது சாமியாத்தாள் சாயங்காலமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறாள். நான் ஆசைப்பட்டதும் அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்து பூட்டிய அந்த வீட்டையே பார்க்கிறாள். கேட்பவர்களிடமெல்லாம், பாழாய்ப்போன செடி பரவி அவளைக் கொன்றுவிட்டது என்றுதான் சொல்லிவருகிறேன்.

கையால் கொண்டுபோய் நடாமல் அந்தச் செடி மைசூரில் ஒரு கன்றுகூட விட்டதில்லை.