எர்த் ஒயர்

டீ வேண்டாமுங்க சார், டம்ளர் கழுவுன மாதிரி தெரியல. நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க.

நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல எங்க பட்டறை. பனியன் கம்பெனிக்காரங்க நிட்டிங் மெஷின் மோட்டாரை ஓட்டற டிரைவ் பெட்டி ரிப்பேராச்சுன்னா எங்ககிட்டத்தான் கொண்டாருவாங்க. நானும் எங்கக்கா ஊட்டுக்காரர் பழனிமுத்து மச்சானும் பாத்துக்கறோம். மாடியில அவங்க ஊடு. கைராசிக்காரருங்க, தொழில்ல குறை சொல்ல முடியாது. சுத்தபத்தம்தான் கிடையாது.

பட்டறைக்குப் பின்னாடி எர்த் ஒயரைப் பொதைச்ச குழி. கக்கூஸ் பக்கத்துலயே இருந்தும் மச்சான் அந்தக் குழியிலதான் ஒண்ணுக்குப் போவாரு. கேட்டா, "உப்புத்தண்ணிதான மாப்ள, எர்த் நல்லாப் புடிக்கும்"னு சிரிப்பாரு. செருப்பில்லாம, கழுவியும் கழுவாத ஈரக்கையோட வந்து ஸ்கோப்பைத் தொடுவாரு. அதே கையால அக்காவுக்கு சோத்தை உருட்டி ஊட்டுவாரு. சீ, அதைப் பாத்துட்டு மனுசனுக்கு சோறு எறங்குமுங்களா? அக்கா ஒருநாளும் வாய் திறந்து குறை சொன்னதில்ல. அவ சொல்லமாட்டா, நாமதான் புரிஞ்சுக்கோணும்.

ஸ்கோப்புன்னா கரண்டோட அலையைக் கோடாக் காட்டற பெட்டி. எங்களது பழசு, இரும்பு உடம்பு. அதோட புரோப்புல ஒரு கறுப்புக் கிளிப் இருக்கும். அது பெட்டி உடம்போடயும் எர்த்தோடயும் சேர்ந்தது. அதை டிரைவுக்குள்ள ஐந்நூறு வோல்ட் நிக்கற இடத்துல மாட்டுனா பொறி பறந்துரும். அந்த மாதிரி இடத்தை அளக்கறதுக்குன்னே எர்த்தோட சேராத புரோப் தனியா இருக்கு. அதைப் பீரோவுல பூட்டி வெச்சுட்டு, சர்வீசுக்குப் போயிருக்குன்னு மச்சான்கிட்ட சொன்னேன். அப்பறம் ஸ்கோப் பிளக்கைத் திறந்து எர்த்துக்குப் போற பச்சை ஒயரை வெட்டி உட்டேன். இனி கிளிப்பை எங்க மாட்டுனாலும் பொறி வராது. பெட்டி உடம்பு முழுக்கக் கரண்டு நிக்கும், அவ்வளவுதான்.

கிளிப்பை அந்த ஐந்நூறு வோல்ட் இடத்துல நானே மாட்டிட்டு, "மச்சான், கோடு ஆடுது, வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டேன். குழிப்பக்கம் இருந்து வந்தாரு. கோடு ஆடுனா பெட்டி மண்டையில தட்டறது அவர் பழக்கம். தட்டுனாரு, கை ஒட்டிக்கிச்சு. மெயினை நான்தானுங்க ஆஃப் பண்ணுனேன், கொஞ்சம் பொறுத்து.

நான் அவரை அடிக்கல, தள்ளல. கையைத் தொடச்சுட்டு வந்திருந்தா ஒருவேளை பொழச்சிருப்பாரு. எங்கக்கா நல்லா இருக்கோணும்னுதான் எல்லாம்.

சத்தம் கேட்டு அக்கா எறங்கி ஓடியாந்தா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. அவர் தலையை நிமித்தி, பொகையிலை எச்சிலும் நுரையும் வழியற அந்த வாயில தன் வாயை வெச்சு ஊதுனா. மூச்சு திரும்பல. ஆளுக புடிச்சு இழுத்தும் உடாம ஊதிக்கிட்டே இருந்தா.

அப்பத்தானுங்க எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. எங்கக்கா சோறு கொண்டாந்தா, எனக்கு வேண்டாம்னு சொல்லிப்போடுங்க சார்.