தலையணையில் கல்நார்

வளப்பூர் நாட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

"ஏனுங்க, ஒரு கல்லுக்கு எதுக்குங்க இத்தனை கவர்?"

"சேலத்துல வாங்கறவரு போன்ல சொன்னாரு புள்ள. கல்நாராம், ஆஸ்பெஸ்டாஸு. அழகுக்குக் கண்ணாடிப் பெட்டியில வெப்பாராம். உதுத்தா தூசி உள்ள போயி நுரையீரலே கெட்டுருமாம்."

ஒரு கொண்டை ஊசி வளைவில் அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"காட்டுல கெடந்த இந்தக் கல்லுத் துண்டையெல்லாம் நாரு நாரா உதுத்து, எலவம்பஞ்சோட கலந்து தலகாணி தெச்சேனுங்க. மெத்துன்னு இருந்துச்சு."

"எந்தத் தலகாணி?"

"பாப்பாவுதுங்க. இப்ப மேல அக்கா ஊட்டுல அதுலதான் தூங்கறா."

"அக்காளுக்குப் போனப் போடு."

"டவர் இல்லீங்க."

அவன் போட்ட சத்தத்தில் பஸ் நின்றது. இருவரும் இறங்கி, வந்த வழியே மேட்டில் ஏறி ஓடினார்கள். அத்தனை கவர் சுற்றிய கல் சீட்டிலேயே கிடந்தது.