மிகவும் திருப்தி

மாலை ஆறரை இருக்கும். கல்லூரி நூலகத்திலிருந்து கேட்டுக்கு அரை கிலோமீட்டர்... இரண்டு பக்கமும் மரம். நடுவில் ஒரே விளக்குக் கம்பம், அதுவும் எரியாது. கிட்ட வந்து உட்காருங்கள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் கதை சொல்ல மாட்டேன்.

என் நண்பனின் மச்சான் அங்கே நூலக உதவியாளர். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. மறுநாள் ஆய்வுக்குழு வருகிறது. "பசங்க திருப்தியா இருக்காங்கன்னு முந்நூறு படிவம் காட்டிடு. உன் வேலை நிரந்தரம்" என்று நூலகர் சொல்லியிருந்தார். நாற்பது குறைந்தது. மனுஷன் என்ன செய்வார்? ரத்தான உறுப்பினர் அட்டைகள் கிடந்த இழுப்பறையைத் திறந்து, அந்தப் பெயர்களில் தானே எழுதினார். விளக்கு, ஊழியர் சேவை... எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி'. சிரிக்காதீர்கள், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

கட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. அவர் நீல மையில் எழுதியதை யாரோ பென்சிலால் அடித்து, பக்கத்தில் வேறு எழுதியிருந்தார்கள். விளக்கு: திருப்தியில்லை. சீக்கிரம் அணைத்துவிடுகிறார்கள். ஊழியர்: திருப்தியில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பெயருள்ள அட்டையைத் தேடியெடுத்துப் புரட்டினார். பின்பக்கம் சிவப்பு மையில், 'மாணவி இறந்துவிட்டார். ரத்து.'

அட்டையை இழுப்பறையில் போட்டுச் சட்டென்று மூடினார். ஆனாலும் ஆறு வருட வேலையாயிற்றே. படிவத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வேறு பெயரில் ஒன்று எழுதிச் சேர்த்து, விளக்கை அணைத்து, பூட்டிக்கொண்டு நடந்தார்.

கம்பத்தைத் தாண்டியதும் ஈரக் காகித வாடை. பின்னால் புத்தகப் பக்கம் புரளும் சத்தம்... சரக்... சரக்...

"அண்ணா..."

அந்த மாதிரி கூப்பிட்டால் திரும்பக் கூடாது, நமக்கெல்லாம் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் இருந்த அந்த வரி மனதை அறுத்தது. திரும்பிவிட்டார்.

யாருமில்லை.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினார். "என்னாச்சுங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்று மனைவி கேட்கக் கேட்க, எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் குழுத் தலைவி கட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "உங்க வேலை உறுதிதான் தம்பி. இந்தப் பொண்ணு உங்களப் பத்தி எவ்ளோ நல்லா எழுதியிருக்கா பாருங்க."

நாலு துண்டும் ஒட்டிய படிவம். பென்சில் எழுத்து.

ஊழியர்: மிகவும் திருப்தி. கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார்.

விளக்கு: மிகவும் திருப்தி. அண்ணன் வீட்டில் விடிய விடிய எரிகிறது.