இரு மடங்கு ஊசி

என்னை ஜன்னலோரம் உட்கார வைத்ததற்கு நன்றி. ஏசிக் காற்று நேரே பட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு, பதில் சொல்லத் தயங்குகிறேன் என்று இந்த விசாரணைக் குழுவில் யாராவது நினைத்துக்கொள்வீர்கள். தயங்க எதுவும் இல்லை.

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு, காலில் ரத்தம் உறையாமலிருக்க ஓர் ஊசி போடுவார்கள். அதை இரு மடங்காகப் போட்டால் இன்னும் நல்லது என்பது என் கட்டுரை. நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளைக் கவனித்ததாக அதில் இருக்கிறது. நான் கவனித்தது நாற்பத்தொரு பேரை. மருத்துவ இதழ் கொடுத்த கெடு நெருங்கிவிட்டது. மீதிப் பேர் வழுக்கி விழுந்து வரும்வரை நான் கைகட்டிக் காத்திருக்க முடியுமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நான் நாற்பத்தொரு சோறு பார்த்திருந்தேன். மிச்சத்தை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே நிரப்பினேன். ஏனோதானோவென்று செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் வயது, எடை, சர்க்கரை அளவு எல்லாம் கொடுத்தேன். நம்பும்படி இருக்கட்டும் என்று சிலருக்கு லேசான காய்ச்சலும் கொடுத்தேன்.

அந்த நாற்பத்தொரு பேரில் நால்வருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தது. இருவர் இறந்தார்கள். இருவருமே வயதானவர்கள். அந்த நால்வரையும் வைத்திருந்தால் முடிவு குழம்பும் என்பதால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கசியாத நால்வரை வைத்தேன்.

கட்டுரை நன்றாகப் போயிற்று. இரண்டு வருடத்தில் பல மருத்துவமனைகளில் அதுவே விதியாகிவிட்டது.

போன வருடம் என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள். என் பெயர் அச்சான அந்தக் கட்டுரையை, ஒரு வரி புரியாமலேயே, தெரு முழுக்கக் காட்டியவள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை டாக்டர் வந்தார்.

“சார், உங்க பேப்பர்ல இருக்கிற மாதிரியே டபுள் டோஸ் போட்டுடலாமா? இங்க எல்லாருக்கும் அதான் போடறோம்.”

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “இதென்ன கேள்வி டாக்டர்? என் தம்பி கண்டுபிடிச்சது. எனக்குப் போடாம வேற யாருக்குப் போடுவீங்க?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “என்னடா, வாயில கொழுக்கட்டையா? சொல்லேன்.”

“போடலாம்க்கா,” என்றேன்.

நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நர்ஸுகள் நிற்கிறார்கள், பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அவள் முகத்திலிருந்த பெருமையைக் கெடுக்க எந்தத் தம்பிக்கு மனம் வரும்?

மூன்றாம் நாள் வயிறு உப்பிக் கல் மாதிரி ஆனது. நான்காம் நாள் காலையில் இறந்துபோனாள். அக்காவின் கணவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். “கடைசிவரைக்கும் கூடவே இருந்தியே மாப்ள. அது போதும் அவளுக்கு.” எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

இந்த வருடம் வெளியான என் இரண்டாவது கட்டுரையைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அதில் அக்காவைச் சேர்த்திருக்கிறேன். குணமாகி வீடு திரும்பியவர்களின் பட்டியலில். இறந்தவர்கள் பட்டியலில் அவளைப் போட எனக்குக் கை வரவில்லை.

தவறு என்று ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், இதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் வயதில் இரண்டைக் குறைத்துப் போட்டிருக்கிறேன். ஆய்வாளன் அப்படிச் செய்யக் கூடாதுதான்.