நாற்பது லிட்டரில் பதினாறு நடை

நான் பேசி முடிக்கும்வரை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கும் தலைவர் அவர்களே. எனக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் செயலாளர் அர்ஜுனன் அவர்களே, ஆம், உங்களைத்தான், ஓராண்டாக உங்களை நேரில் பெயர் சொல்லி அழைக்காமலே வாழ்ந்து பழகியவன் இன்று முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டேன். வெயில் ஏறுமுன்பே வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே. காலையிலிருந்து சமையற்கட்டில் வெங்காயத்தோடு போராடிவிட்டு இப்போதுதான் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. இடம் கிடைக்காமல் காற்றாடிக்குக் கீழே நிற்கும் இளையோர்களே. சுங்கை பினாங்கின் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இன்றைய ஆண்டுக் கூட்டத்தின் ஏழாவது தீர்மானம் என்ன? கடற்பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய்க்கொண்டிருந்த நம் மன்றத்தின் மதிய உணவுப் பயணத்தை நிரந்தரமாக நிறுத்துவது. அதை எதிர்த்துப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அக்கரையில் தனியாக வாழும் பதினான்கு முதியவர்களின் சோறு அந்தப் பத்து நிமிடத்துக்குள் இருக்கிறது. ஆகவே வேகமாகவே பேசுகிறேன். காரை வேகமாக ஓட்டினால்தான் பெட்ரோல் குடிக்கும். வேகமாகப் பேசினால் தண்ணீர்தான் குடிப்பேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் மன்றத்துக்கு ஒரு கார் உண்டு. கஞ்சில் என்னும் குட்டிக் கார். வயது இருபத்தாறு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு நல்ல மனிதர், தம் பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு, அந்தக் காருக்கு மாதம் நாற்பது லிட்டர் பெட்ரோல் தருகிறார். அக்கரைக்குப் போய்த் திரும்ப அறுபது கிலோமீட்டர். வாரம் நான்கு நாள் சோறு போக வேண்டுமானால் மாதம் பதினாறு நடை. ஆனால் கார் கொடுத்ததோ லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். நாற்பது லிட்டரில் பன்னிரண்டு நடைதான் வந்தது. மீதி நான்கு நாள் அந்தப் பதினான்கு பேரும் என்ன சாப்பிட்டார்கள்? நாம் கேட்டோமா? கேட்கவில்லை.

சென்ற ஆண்டு இதே மேடையில் நின்று நான் மார்தட்டினேன். இந்தக் காரை லிட்டருக்கு இருபத்து நான்கு கொடுக்க வைக்கிறேன் என்றேன். வைத்தேனா? முதலில் செய்ததைச் சொல்கிறேன். கூரைமேல் கிடந்த இரும்புக் கம்பித் தாங்கியைக் கழற்றினேன். பாதி இறுகியே கிடந்த பிரேக்கை விடுவித்தேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, கலவையைத் திருத்தினேன். டயரில் காற்றை அளவறிந்து கூட்டினேன். முன்பக்கத்துச் சல்லடையில் பாதியை மூடினேன். காற்று முட்டிமோதிக்கொண்டிருந்த அடிவயிற்றைப் பிளாஸ்டிக் பலகையால் வழவழப்பாக்கினேன். காற்றோடு மல்லுக்கட்டிய காரை, காற்றோடு கைகோத்து நடக்க வைத்தேன்.

பிறகு சோதனை. செயலவை முழுவதும் பெட்ரோல் நிலையத்தில் கூடியது. தொட்டியை நிரப்பி, வழக்கமாகச் சோறு கொண்டுபோகும் ரமணி ஓட்ட, நான் அருகில் அமர, அக்கரைக்கு இரண்டு முறை போய் வந்தோம். நூற்றிருபது கிலோமீட்டர். திரும்பி வந்து தொட்டியை மறுபடி நிரப்பினேன். ஐந்து லிட்டர் பிடித்திருக்க வேண்டும். பிடித்தது ஏழு. லிட்டருக்குப் பதினேழு. கைவைக்காமல் விட்டிருந்தால்கூடப் பதினெட்டு கொடுத்திருக்கும்.

அப்போது அர்ஜுனன் சொன்னார், உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: "வாத்தியாரே, காருக்கு ஒடம்பு எளச்சிருச்சு, பசி மட்டும் கூடிருச்சு லா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள். அடுத்த வாரமே அக்கரைப் பயணம் நின்றது. பெட்ரோல் கட்டுபடியாகவில்லை, தற்காலிகமாக நிறுத்துகிறோம் என்றார்கள்.

நான் எளிதில் மறக்கிறவன் அல்லன். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டு இயந்திரவியல் கற்பித்தேன். துறைத்தலைவர் பதவி இரண்டு முறை எனக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தது. அந்த இருவரின் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அவர்கள் போட்டிருந்த சட்டையின் நிறமும் நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவன் அர்ஜுனனை விடுவேனா? தூரக் கணக்கை அவர் மாற்றிவிட்டார் என்று நம்பினேன். நான் தோற்பதற்காகவே எதையோ செய்துவிட்டார் என்று நம்பினேன். நம்பியதோடு நின்றேனா? நாசி கண்டார் சோற்றுக் கடையில் சொன்னேன், முடிவெட்டும் கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மனம் ஆறவில்லை. ரமணியைக் கூப்பிட்டேன். அதே கார், அதே பெட்ரோல் நிலையம், அதே குழாய். பம்பு தானாக 'டக்' என்று நின்றதும் மூடியை மூடிவிட்டுக் கிளம்பினோம். பாலத்தின்மேல் எழுபதைத் தாண்டவில்லை. லாரிகள் ஒலியெழுப்பி விலகிச் சென்றன, ரமணி அசரவில்லை. மேட்டில் மெல்ல மிதித்தார், சரிவில் காலை எடுத்தார். கார் ஓடவில்லை ஐயா, மிதந்தது. இரண்டு நடை முடித்து வந்தோம். குழாயை மாட்டினேன். 'டக்' என்று நின்றது. என் இரண்டு கையும் தாமாகவே காரின் பின்பக்கத்துக்குப் போயின.

எதற்கு? ஆட்டுவதற்கு. பினாங்கில் பிறந்தவருக்கு விளக்க வேண்டுமா? பம்பு நின்றபிறகு காரைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, இன்னும் கொஞ்சம் பெட்ரோலைத் திணித்துக்கொண்டு போகாதவர் இந்த மண்டபத்தில் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா, ஒரு கைகூட இல்லை. தலைவரே, உங்கள் கையும் இல்லை.

ரமணி என் கையைப் பிடித்தார். "அண்ணே, கோயாங் பண்ணாதீங்க, ஆட்டாதீங்க. போன வருசமும் இதத்தான் செஞ்சீங்க."

"போன வருசமா? எப்போ?"

"கடைசில ஊத்துறப்போ. மொதல்ல ஊத்துறப்போ பின்னால கியூ, ஹாரன் அடிச்சாங்க, அப்படியே கெளம்பிட்டோம். திரும்பி வந்தப்போ பின்னால யாருமில்ல. நீங்க நல்லா ஆட்டி ஆட்டி ஊத்துனீங்களே. எல்லாரும் செய்யுறதுதானேன்னு நான் ஒண்ணும் சொல்லல."

அவையோரே, அந்த இரண்டு லிட்டரைக் கார் குடிக்கவில்லை. அர்ஜுனன் ஒளிக்கவில்லை. புறப்படும்போது குலுக்காமல் நிரப்பிய தொட்டியைத் திரும்பி வந்தபோது குலுக்கி நிரப்பினேன். கூடுதலாகப் போனதைக் கார் செலவழித்ததாகக் கணக்குச் சொன்னேன். முதலாண்டு மாணவன் இப்படி அளந்திருந்தால் நானே பூஜ்யம் போட்டிருப்பேன்.

அன்று நான் ஆட்டவில்லை. பம்பு ஐந்து லிட்டரில் நின்றது. லிட்டருக்கு இருபத்து நான்கு. மறுவாரம் மீண்டும் ஓட்டினோம், இருபத்து நான்கு. சென்ற வாரம் மழையில் ஓட்டினோம், இருபத்து மூன்றரை. கைதட்டுங்கள், ஆனால் எனக்கு வேண்டாம், அந்தக் கிழட்டுக் காருக்குத் தட்டுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே அக்கரைக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஹபீபா பீவி அம்மையார் வீடு. தைத்துப் பிழைத்து, தனியாய் வாழ்பவர். இந்த ஆண்டு எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"ரொட்டிதான் தம்பி. மத்தியானத்துல பாதிய வச்சு ராத்திரிக்குத் திம்பேன். சோத்தவிட, ரமணி வந்து கதவத் தட்டி, 'இன்னும் தூக்கமா'ன்னு சத்தம் போடுவா பாருங்க, அது இல்லாமத்தான் நாள் போகமாட்டேங்குது. நாங்க ஏதும் கொற சொல்லிட்டோம்னு நிறுத்திட்டீங்களா? சாம்பார்ல உப்பு கம்மின்னு ஒருநாள் சொன்னேன். அதுக்கா?"

அதற்கில்லை அம்மா. என் கை சும்மா இல்லாததற்கு. அதைத்தான் அவரிடம் சொன்னேன், அதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். அர்ஜுனன் அவர்களே, ஊர் முழுக்க உங்களைப் பழித்தேன். அது பொய். ஊர் முழுக்கச் சொன்னதை ஊர் நடுவில் நின்றே திரும்பப் பெறுகிறேன்.

செயலாளர் ஏதோ கேட்கிறார். உரக்கக் கேளுங்கள் ஐயா.

"மன்னிப்பு இருக்கட்டும் வாத்தியாரே. ரமணிய வேலையில காலை ஷிப்டுக்கு மாத்திட்டாங்க. காரு ரெடி, பெட்ரோல் ரெடி. ஓட்ட ஆளு யாரு?"

நியாயமான கேள்வி. ஓட்டுவேன் நான். வாரம் நான்கு நாள், மாதம் பதினாறு நடை, எழுபதைத் தாண்டாமல். கதவைத் தட்டுவேன், சத்தமும் போடுவேன். எனக்குச் சத்தம் போடத் தெரியும் என்று இந்த மன்றத்துக்கே தெரியும். இழந்த ஓராண்டை என்னால் திருப்பித் தர முடியாது. ஆனால் நாளை மதியத்தைத் தர முடியும். தடுப்பது எது? தூரமா? பாலம் இருக்கிறது. பெட்ரோலா? போதும் என்று பம்பு சொல்லிவிட்டது. பழைய காரா? அது தயார். இனித் தடுக்கக்கூடியது உங்கள் வாக்கு ஒன்றுதான்.

ஏழாவது தீர்மானத்தைத் தள்ளிவிட்டுப் பயணத்தை நாளையே தொடங்க வேண்டும் என்போர் கையை உயர்த்துங்கள்.

சமையற்கட்டுத் தாய்மார்கள் அத்தனை பேரும். காற்றாடிக்குக் கீழே நிற்கும் பிள்ளைகள். தலைவர். எனக்கு வலப்பக்கம் மட்டும் கை இன்னும் எழவில்லை. செயலாளர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். காகிதத்தை என்னிடம் நீட்டுகிறார். படிக்கிறேன்: பதினான்கு வீட்டு முகவரி. அதற்குக் கீழே, 'செவ்வாய், வியாழன் நான் ஓட்டுகிறேன். அர்ஜுனன்.'

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்க்காத தலைவருக்கும், என் கையைப் பிடித்து நிறுத்திய ரமணிக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நாளை பதினொன்றரைக்குக் கார் கிளம்புகிறது, பாத்திரங்கள் பதினொன்றுக்கே நிரம்பியிருக்கட்டும். வணக்கம்.