முன்னால் போனவன்

ஈர சாக்ஸைப் போல மனிதனை எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை. ஹீட்டர்மேல் காயப்போட்டது காலையிலும் நசநசவென்றுதான் இருக்கும். அதிலேயே காலை நுழைக்க வேண்டும். பயிற்சி முகாமுக்காக எங்கள் சைக்கிள் அணி அந்த மலை விடுதிக்கு வந்த நாளிலிருந்து இதுதான் கதை. மழை விடவே இல்லை. கார் நிறுத்துமிடத்தில் சைக்கிள்களை ஸ்டாண்டில் மாட்டி, எதிர்ச் சுவரை முறைத்தபடி மணிக்கணக்காக மிதித்தோம். வியர்வை சொட்டும், ஓர் அங்குலம்கூட நகர மாட்டோம். என் சைக்கிள் வாழ்க்கை மொத்தமும் அப்படித்தான் போயிருக்கிறது என்று அப்போது தோன்றியது.

நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் விவரமாகவே சொல்கிறேன். அணியில் என் வேலை முன்னால் போவது. ஜெயிக்க வேண்டியவனுக்கு முன்னால் போய், எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்கி, அவன் தெம்பு குறையாமல் கடைசிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கோப்பை அவன் கைக்குப் போகும். எனக்கு முதுகில் ஒரு தட்டு.

இந்த வருடம் பெரிய போட்டியில் நானே முதன்மை வீரன் என்று கோச் வாக்குக் கொடுத்திருந்தார். என் முழங்கால் இன்னொரு வருடம் தாங்காது என்பது அவருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்தத் தடவை உங்க மாப்பிள்ளை ஜெயிக்கட்டும். நீங்க முன்னால போய் இழுத்துக் குடுங்க. யாரு ஜெயிச்சா என்ன, ஒரே குடும்பம்தானே?"

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவரை அணியில் சேர்த்துவிட்டதும் நான்தான், தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. அந்தச் சுவரைப் பார்த்தும் விசிலடித்துக்கொண்டே மிதிப்பார். என் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்துக் காயவைத்துத் தருவார். கோச் எழுந்து போனதும் என்னிடம் வந்து, "மச்சான், நான் வேணும்னா முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றார். பிச்சை போடுவது போலிருந்தது. வயிறு எரிந்தது. "சேச்சே, என்ன பேச்சு மாப்ள இது" என்று சிரித்துவைத்தேன்.

மறுநாள் கோச் என்னைச் சாலையைப் பார்த்துவர அனுப்பினார். இறக்கத்தில் ஒரு வளைவு தாண்டியதும் தார் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. தண்ணீர் நிரம்பியிருந்ததால், வழியெங்கும் தேங்கிக் கிடந்த குட்டைகளில் ஒன்றாகத்தான் அதுவும் தெரிந்தது. ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன், முழங்கால் ஆழம். திரும்பி வந்ததும், "ரோடு எப்படி?" என்றார் கோச். "ஈரம்தான். வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

எங்கள் ஆட்களின் ஒரு பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வரிசையாக ஒட்டிப் போகும்போது பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. முன்னால் போகிறவனின் பின்சக்கரம் மட்டும்தான் தெரியும். பள்ளமோ கல்லோ வந்தால் முன்னவன் கையை இறக்கி அந்தப் பக்கம் காட்டுவான். காட்டவில்லை என்றால் சாலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்பட்டால் அந்த வேகத்தில் போகவே முடியாது.

அடுத்த நாள் மழை தூறலாகக் குறைந்தது. ஆறு பேர் கிளம்பினோம். "மாப்ள, என் சக்கரத்தை விட்டுடாதீங்க, ஒட்டியே வாங்க" என்றேன். "உங்க பின்னால வர்றதுக்கு எனக்கென்ன பயம் மச்சான்" என்றார். மற்ற நால்வரும் வழுக்கலுக்குப் பயந்து கொஞ்சம் தள்ளியே வந்தார்கள்.

வளைவு வந்தது. பள்ளத்தை நோக்கி நேராகவே போய், கடைசி நொடியில் ஒரு சாண் விலகினேன். கை காட்டவில்லை. அவ்வளவுதான். தள்ளிவிடவில்லை, இடறிவிடவில்லை, அவரை ஒருநாளும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதுகூட இல்லை. பின்னால் சத்தம் கேட்டதும் கையை உயரத் தூக்கி ஆட்டினேன். நால்வரும் பிரேக் பிடித்து நின்றுவிட்டார்கள். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அதை அணியில் இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே ஒரு பேச்சுக்காவது சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டார். தங்கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ முன்னால போனதாலதான் மத்தவங்களாவது பொழைச்சாங்களாமே அண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

இந்த வாக்குமூலத்தில் எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாள், பாவம். அவள் மனசு நோகிற மாதிரி நான் இதுவரை எதுவும் செய்ததில்லை.