வாடை இல்லாத தண்ணி

போடியில் சாரல் பிடித்தால் இருமல் மருந்து நன்றாகப் போகும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் நான் கடையை ஆறரைக்கே திறந்துவிடுவேன், ஐயா. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் அந்த நேரத்தில்தான் என் கடை முன்னால் நிற்கும். மேலே குளிர் என்பதால் ஆளுக்கு ஒரு தைலப்புட்டியாவது வாங்குவார்கள்.

என் பெயர் மாசானம். வேதியியல் படித்தவன். மதுரையில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு, எழுபத்து மூன்றில் ஊருக்குத் திரும்பி மருந்துக்கடை வைத்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. வெற்றிலைகூடப் போடுவதில்லை.

எதற்காக இதை ஆரம்பித்தாய் என்று கேட்டீர்கள். என் மனைவி சாந்தகுமாரியின் தம்பி சின்னச்சாமிக்காக. அவன் ராசிங்காபுரத்தில் விவசாயம் பார்த்தவன். மறுபடி மதுவிலக்கு வந்த பிறகு, மரத்துக்குப் பூசும் பாலிஷைக் கலந்து தோப்புகளில் ஒளித்து விற்றார்கள். எழுபத்தைந்து பொங்கலுக்கு மறுநாள் அவனும் குடித்தான். ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். உச்சி வெயில் சன்னல் வழியாக அவன் முகத்தில் அடித்தது. “மச்சான், இன்னும் விடியலையா?” என்று கேட்டான்.

“இல்ல மாப்ளே, தூங்கு” என்றேன். சாயங்காலம் போய்விட்டான்.

சட்டம் போட்டாலும் அழுது மன்றாடினாலும் குடிக்கிறவன் குடிக்கத்தான் போகிறான். அப்படியானால் கெடுதல் செய்யாத ஒரு குடியை அவனுக்குக் கொடுத்தால் என்ன? கிறுகிறுப்பு வேண்டும், ஆனால் ஈரல் கெடக்கூடாது, கண் போகக்கூடாது, வாயில் வாடை வரக்கூடாது, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை அடிக்கக்கூடாது. சாராயம் ஒரு சொட்டும் சேர்க்காமல், மருந்துகளைக் கொண்டே அதைச் செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கடையின் பின்னறையில் இரண்டரை வருடம் பிடித்தது. கசப்பு தெரியாமலிருக்க ஏலக்காய் எண்ணெய் சேர்த்தேன். என்னென்ன மருந்து என்று மட்டும் கேட்காதீர்கள். எவனாவது அரைகுறையாகச் செய்து ஆளைக் கொன்றுவிடுவான்.

முதலில் நானே குடித்தேன். பிறகு உடம்பு வலி என்று வந்தவர்களில் பன்னிரண்டு பேருக்கு டானிக் என்று கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சொன்னால், போதை என்ற நினைப்பே பாதி போதையைக் கொடுத்துவிடும், சோதனை கெட்டுவிடும். ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். குரங்கணிப் பெரியவர் ஒருவர் மட்டும் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இருந்தாலும் அதற்குப் பிறகு அளவைக் குறைத்தேன்.

காசிமாயன் பதிமூன்றாவது ஆள். போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். அவன் குடியை நிறுத்த ஏதாவது மருந்து உண்டா என்று அவன் மனைவி பொன்னுமணி வந்து அழுதாள். அவளிடம்தான் முதல் பாட்டிலைக் கொடுத்தேன். சோலி முடிந்து வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மூடி. ஒரே மாதத்தில் அவன் சாராயத்தை விட்டான். ஒரு மஞ்சப்பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எங்க குலசாமி மாதிரிண்ணே நீங்க” என்று அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் செய்த தண்ணியில் ஒரே ஒரு குறை உண்டு. குடித்தவனுக்குத் தான் குடித்திருப்பது தெரியாது. நாக்கு குழறாது, நடை தள்ளாடாது, புத்தி தெளிவாக இருப்பது போலவே இருக்கும். ஆனால் கண் பார்த்ததைக் கை செய்வதற்குள் ஒரு இமைப்பொழுது தாமதம் ஆகும். சாந்தகுமாரியைப் பேனா ஒன்றை மேலிருந்து நழுவவிடச் சொல்லி, நான் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இருபது தடவையில் பதினேழு தடவை பேனா தரையில் விழுந்தது. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது மாதம் காசிமாயனின் பாட்டில்கள் சீக்கிரம் தீர்ந்தன. காலையிலும் குடிக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கார்த்திகை எட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு, ஜீப்பு நிறையப் பெண்களோடு வந்து கடை முன்னால் நிறுத்தினான். புதுப் பாட்டிலைத் திறந்து என் எதிரிலேயே இரண்டு மூடி குடித்தான். வலது கையை நீட்டினான்.

“பாருங்கண்ணே, ஆடுதா?”

ஆடவில்லை. கல்லில் செதுக்கிய கை போல இருந்தது. சாவியைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அத்தனை பெண்கள் முன்னால் என்ன காரணம் சொல்வது? தவிர, மலைப்பாதையில் அது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியாத ஒன்று. “வெரசா ஓட்டாத அப்பு” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் நேரத்தைக் குறித்தேன். ஏழு பத்து.

ஏழே முக்காலுக்கு நாலாவது வளைவில் ஜீப்பு பள்ளத்தில் இறங்கியது. காசிமாயனோடு சேர்த்து ஏழு பேர் செத்தார்கள். பிரேதப் பரிசோதனையில் சாராயம் இல்லை என்று வந்தது. பிரேக்கு பிடிக்கவில்லை என்று கேஸை முடித்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பொன்னுமணி கடைக்கு வந்தாள். மத்தியான நேரம். முந்தானைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தாள். சீட்டுக்கு அடியில் உடையாமல் கிடந்ததாம். பாதி மிச்சம் இருந்தது.

“பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்கறாரு மெக்கானிக்கு. இதுல என்னண்ணே இருக்கு?”

“சத்து மருந்து, தங்கச்சி. ஏலக்கா வாசம் வருதுல்ல.”

“அப்ப நீங்க ரெண்டு மூடி குடிங்க.”

குடித்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம். நான் இரண்டு டாக்டர் சீட்டைப் படித்து மருந்து கொடுத்தேன். ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்குக்கு யோசனை சொன்னேன். கை ஆடவில்லை. அவள் எழுந்தாள்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. அவருக்கும் இப்பிடித்தான், ஒண்ணும் ஆகாம இருந்துச்சு. நாளைக்கு இத மதுரைக்குக் கொண்டுபோயிக் காட்டப் போறேன்.”

நான் கோபப்படவில்லை, ஐயா. புத்திசாலிப் பெண். பன்னிரண்டு பேரும் கவனிக்காததைக் கவனித்துவிட்டாள். அவள் கண்ணைப் பார்த்தேன். சிவந்து உள்ளே போயிருந்தது. “தூங்கி எத்தன நாளாச்சு?” என்று கேட்டேன். “எங்கண்ணே தூக்கம் வருது” என்றாள். பின்னறைக்குப் போய்ப் பொட்டலம் மடித்துக் கொண்டுவந்தேன். சந்தேகத்தோடு வாங்கினாள். வாங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பதினாறு நாள் தூங்காதவர்கள் யார் கொடுத்தாலும் வாங்குவார்கள்.

மறுநாள் காலையில், துக்கம் தாங்கமாட்டாமல் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார்கள். மாலையோடு போனேன். பாட்டில் அடுப்படி மாடத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து சாந்தகுமாரி நான் போடும் காப்பியைக் குடிப்பதில்லை. தண்ணீர்ப் பானையைக்கூட அவளே மூடி வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றிவைத்தாள். என் நோட்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்று தெரியும். அவள் மேல் வருத்தமில்லை. படிக்காதவள், பயந்துவிட்டாள்.

கொலை என்று எழுதுகிறீர்கள். அந்த வார்த்தை சரியாகப் பொருந்தவில்லை. நோட்டில் பொன்னுமணிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, பாருங்கள்: வாந்தி இல்லை, வலி இல்லை. தூக்கம் கேட்டது அவள். எவ்வளவு நேரம் என்பதை மட்டும்தான் நான் முடிவு செய்தேன்.